நாணயத்தின் நிறம் சாட்சி சொல்லுமா?

உங்கள் வீட்டுப் பெட்டியில் விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கக்கூடும். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. அதை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சற்றே சாய்த்துப் பாருங்கள். சில நாணயங்களில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மஞ்சள், செவ்வூதா, நீலம் என்று நிறங்கள் ஒளிரும். இத்தகைய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். அதனாலேயே, நிறத்தைச் செயற்கையாக ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால், இயற்கை நிறத்தை எப்படி அறிவது? இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், வாங்குவதற்காகப் பார்த்து வைத்த 1901ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். நிற வரிசை இலக்கணப்படி இருந்தது. "இயற்கைதான், தம்பி" என்று சொல்லிவிட்டேன். என் சொல்லை நம்பி, வெள்ளியின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து அவர் வீட்டில் வாங்கினார்கள். சில மாதங்கள் சென்றபின் அவர் வேறொரு வெள்ளி நாணயத்தை என் மேசைமேல் வைத்தார். அதே மஞ்சள், அதே செவ்வூதா, அதே நீலம்! "சார், அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

என் தவறு எங்கே? முதலில் நிறம் தோன்றும் விதத்தைப் பார்ப்போம். காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு படலமாகின்றன. இதன் தடிமன் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியும், அடியிலுள்ள வெள்ளியில் எதிரொளிக்கும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதும் இத்தகைய குறுக்கீட்டால்தான். படலம் தடிக்கத் தடிக்க முதலில் நீலம் அழிந்து மஞ்சள் தெரிகிறது. பின்னர் பச்சை அழிந்து செவ்வூதாவும், சிவப்பு அழிந்து நீலமும் தெரிகின்றன. பளிச்சென்ற பச்சை தெரிய வேண்டுமானால் நீலமும் சிவப்பும் ஒருசேர அழிய வேண்டும். அது அடுத்த சுற்றில்தான் நிகழும்.

ஆகவே, வெண்மையான பரப்பை அடுத்து, இடைநிறங்கள் ஏதுமின்றித் திடீரெனப் பச்சை நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் அந்த இடத்தை இன்னொரு நாணயமோ காகித மடிப்போ மறைத்திருந்ததா என்பதையும் எண்ணிப் பாருங்கள். உருப்பெருக்கியால் கீறல்களையும் நோக்குங்கள். கீறலுக்குள்ளும் நிறம் படிந்திருந்தால் நிறம் பிந்தியது. கீறல் மட்டும் வெண்மையாக மின்னினால் கீறல் பிந்தியது.

இச்சோதனைகள் எல்லாம் பொய்யை மறுக்க உதவுமே தவிர, உண்மையை மெய்ப்பிக்க உதவா. மழை பெய்தால் வாசல் நனையும். அதற்காக, நனைந்த வாசலெல்லாம் மழையில் நனைந்தது ஆகுமா? யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம் அல்லவா? நான் செய்த பிழை அதுதான். அட்டைப்பெட்டியில் மறந்து வைத்த நாணயத்திலும், வேண்டுமென்றே முட்டையோடு வைத்த நாணயத்திலும் உருவாவது ஒரே வெள்ளி சல்பைடுதான். வைத்தவரின் நோக்கம் உலோகத்தில் பதிவதில்லை.

எனவே, "இது இயற்கை நிறம்" என்று அடித்துச் சொல்பவர், அறிவியல் தரும் சான்றுக்கு மேல் பேசுகிறார் என்பதே என் கருத்து. "இயற்கைக்கு முரணாக எதுவும் தென்படவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. நிறத்தின் பொருட்டுக் கூடுதல் விலை கேட்டால், நாணயம் யாரிடம், எப்படி இருந்தது என்று விசாரியுங்கள். வரலாறு தெரியாவிட்டால், நிறத்துக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், வீட்டாரிடம் கேட்டு, உடைந்த கொலுசுத் துண்டு ஒன்றை நன்றாகத் துலக்கி, அவித்த முட்டைத் துண்டுகளோடு டப்பாவில் மூடி வையுங்கள். அவ்வப்போது திறந்து, நிறம் மாறும் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நாணயத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். விபூதி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அப்படலம் நாணயத்தின் சொந்த வெள்ளியால் ஆனது. தேய்க்கும்போது அந்த வெள்ளியும் போய்விடும்.

அந்த மாணவரின் முட்டை நாணயம் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. யாரேனும் நாணயம் கொண்டுவந்து கேட்டால், முதலில் அதை எடுத்துக் காட்டிய பிறகே பேசத் தொடங்குகிறேன்.