பனி முறித்த மரங்களும் அவசரத்தில் எடுக்கும் வாளும்

2013ஆம் ஆண்டு டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் பெய்த உறைமழையை இங்குள்ள தமிழர்கள் பலர் மின்சாரம் இல்லாத நத்தாராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மாநகரத்துக்கு ஏற்பட்ட செலவு 10 கோடி டொலரைத் தாண்டியது. நகரின் மர நிழற்பரப்பில் 20 சதவீதம் வரை இழக்கப்பட்டிருக்கலாம் என்றும் அப்போது மதிப்பிடப்பட்டது.

ஸ்காபுறோவில் எங்கள் பின்வளவில் நின்ற மேப்பிளின் இரண்டு பெரிய கொப்புகளும் அன்று முறிந்தன. சில நாட்களில் வாசலுக்கு வந்த ஒருவர், "முழுதாகத் தறித்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லி விலையும் கூறினார். நாங்கள் பொறுத்திருந்தோம். அந்த மரம் இன்றும் நிற்கிறது. பக்கத்து வீட்டு மரத்தின் உச்சியை அப்படியே வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடங்களில் நெருக்கமாகத் துளிர்த்த மெல்லிய கொப்புகள், அடுத்தடுத்த காற்றுகளில் முறிந்துகொண்டே இருந்தன.

பனி செய்யும் சேதம் ஓரிரவில் முடிந்துவிடும். பிழையாக வெட்டுவதால் வரும் சேதம் பத்து வருடங்கள் தொடரும். நகரின் மரங்களில் பாதிக்கு மேற்பட்டவை தனியார் வளவுகளிலேயே நிற்பதால், இது வீட்டுக்காரர் எடுக்கும் முடிவைப் பொறுத்த விடயமாகிறது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. மின்கம்பியில் கொப்பு விழுந்திருந்தால் 10 மீற்றர் தள்ளி நின்று அறிவிக்க வேண்டும். ஈரப்பனியை விளக்குமாற்றால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டலாம். ஐஸ் படிந்த கொப்பை உலுக்கக்கூடாது, அது தானாக உருகட்டும். வளைந்த மரம் வசந்தத்தில் நிமிரக்கூடும். முறிந்த கொப்பை, அது தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே வெட்டவேண்டும். காயத்தை மூடிவளரும் திசு அங்கேதான் இருக்கிறது. வெட்டுக்குப் பெயின்ற் பூசுவதால் பயனில்லை. தண்டு பிளந்தாலோ, வேர் கிளம்பினாலோதான் தறிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் தகுதிபெற்ற மரப் பராமரிப்பாளர் பார்த்துச் சொல்லட்டும்.

1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரத்தை அகற்ற மாநகர அனுமதி தேவை. உடனடி ஆபத்துள்ள மரத்துக்கு விதிவிலக்கு உண்டு. வீதியோர மரம் மாநகரத்துக்குச் சொந்தமானது. அதற்கு 311 இலக்கத்தை அழைக்கவேண்டும். வாசலில் நின்று விலைபேசுபவர்கள் இவற்றைச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் விசாரிக்கத் தயங்கும் எங்கள் முதியவர்களே இதில் அதிகம் அகப்படுகிறார்கள்.

மாநகரத்துக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. 2050ஆம் ஆண்டுக்குள் நிழற்பரப்பை 40 சதவீதமாக்குவது அதன் இலக்கு. புயலுக்குப் பிறகு குப்பை அகற்றக் கிடைக்கும் பணம், அமைதியான வருடங்களில் இளமரங்களின் பலவீனமான கவைகளைச் சீர்செய்யவும் கிடைக்கவேண்டும். ஆயிரம் கன்றுகளை நட்டாலும், முப்பது வருட மரமொன்றின் நிழல் அடுத்த கோடைக்குள் திரும்பிவராது.

அடுத்த உறைமழை வரும்போதும் யாரோ ஒருவர் வாளோடு வாசலில் நிற்பார். வசந்தம்வரை பொறுக்கலாமா என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலான மரங்கள் அதுவரை பொறுக்கும்.