கச்சேரியில் ஒரு சொந்தப் பாட்டு கேட்டால் என்ன?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் இருக்கும். பாட்டு? பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான்.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. 1984-ல் மும்பையில் தொடங்கிய 'ராக் மெஷின்' ஹார்ட் ராக் குழுவும் முதலில் வெளிநாட்டுப் பாடல்களைத்தான் வாசித்தது. 1988-ல் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' என்ற முதல் ஆல்பத்தில் சொந்தப் பாடல்களோடு வந்தது. ஆனால், மொழி ஆங்கிலம். 2018-ல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, ராப், ராக், பறை எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழிலேயே பாடியது. கூட்டம் நின்று கேட்டது.

நம்ம ஊர்ப் பசங்களுக்குத் திறமை குறைச்சல் இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை. அடுத்த கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லுங்க: "ஒரு பாட்டாவது உங்க பாட்டா இருக்கணும்." முதல் ஆல்பம் அங்கேதான் ஆரம்பிக்கும்.