எம்.ஆர்க். தீசிஸ்: ஆய்வு வரைபடத்தில் தெரிய வேண்டும்

எம்.ஆர்க். இறுதி செமஸ்டரில் மாணவர் செய்யும் தீசிஸ், ஆய்விலிருந்து பிறந்த வடிவமைப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. ஒரு பெரிய கட்டடத்தைத் தனியாகக் கையாள முடியும் என்பதை ஐந்தாண்டு பி.ஆர்க். முடிவிலேயே மாணவர் காட்டிவிடுகிறார். மேலும் இரண்டு ஆண்டு படித்தபின் அதையே இன்னும் பெரிய மனையில் செய்யச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் பல இடங்களில் நடப்பது அதுதான். முதல் ரெவ்யூவுக்கு நூலாய்வு, அடுத்ததற்கு கேஸ் ஸ்டடி, பிறகு அவற்றைத் திரும்பிப் பார்க்காமலே வரைந்த ஒரு கட்டடம். ஆய்வுப் பக்கங்களை எடுத்துவிட்டாலும் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது என்றால், அங்கே ஆய்வு நடக்கவில்லை என்றே கொள்கிறோம்.

ஆய்வு ஒரு வரைபடத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இந்தூரின் அரண்யா குடியிருப்பு சான்று. கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் வாஸ்து சில்பா அறக்கட்டளையும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் 1980களில் அந்நகரின் குடிசைப் பகுதிகளை அளந்து வரைந்தன. வாசல் திண்ணையில் என்ன வேலை நடக்கிறது, மரத்தடியில் யார் கூடுகிறார்கள், சந்து எங்கே அகன்று எங்கே குறுகுகிறது என்றெல்லாம் பதிவு செய்தன. அந்தப் பதிவுகள் அரண்யாவில் தெருக்களாகவும் மனைகளாகவும் உருப்பெற்றன. மிக ஏழைக் குடும்பங்களுக்கான சுமார் 35 சதுர மீட்டர் மனையில் முழு வீடு எழுப்பவில்லை. அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர் வசதியும் தந்து, மீதியைக் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள விட்டார்கள். ஓட்லா எனப்படும் வாசல் திண்ணைக்கும் இடம் இருந்தது. மேசையில் மட்டும் யோசித்திருந்தால் அது வீணாகும் இடமென்று வெட்டுப்பட்டிருக்கும். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளும் எழுந்தன. 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அரண்யாவுக்குக் கிடைத்தது.

ஒரே செமஸ்டரில் மாணவரால் இதெல்லாம் ஆகுமா, ஆய்வு பிஎச்.டி.க்கு உரியதல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வியைச் சிறிதாக்கினால் ஆகும். மேற்கு பார்த்த அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை இரவு பத்து மணிக்கும் ஏன் புழுங்குகிறது? சில வாரம் வெப்பநிலையை அளந்து, மூன்று வகைச் சுவர்களைக் கணினியில் ஒப்பிட்டு, தேறியதைக் கட்டுமான விவரம் வரை வரைந்தால் அது முழுமையான எம்.ஆர்க். தீசிஸ். ஆய்வு கற்பனையைக் கட்டிப்போடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. கட்டடக்கலையில் எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதை ஏற்கிறோம். வடிவமைப்பின் வழியாகவே ஆய்வு நடக்கலாம் என்று பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரெய்லிங் 1993இலேயே எழுதினார். அப்படிச் செய்பவருக்கும் ஒரு கடமை உண்டு: ஒவ்வொரு வரைவும் எதைத் தேடியது, ஏன் கைவிடப்பட்டது என்பதைப் பிறர் பின்தொடரும்படி எழுதி வைக்க வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கேள்விக்கும் சோதனைக்கும் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். தான் நம்பிய தீர்வு பலிக்கவில்லை என்று அளந்து நிறுவும் மாணவரை ஜூரி தேர்ச்சி பெறச் செய்யட்டும்.