எறும்புப் பெட்டிக்குள் எதற்கய்யா செடி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் செடிகள் மேல் எந்தப் பகையும் கிடையாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துளசி, ஓமவல்லி, செம்பருத்தி என்று பதினோரு தொட்டிகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது என் வேலை (சம்பளம் கிடையாது). என் சண்டையெல்லாம் எறும்பு வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருள்ள செடியைக் கொண்டுபோய் நடுகிறவர்களோடு மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் போன வருடம் வரை நானும் இருந்தேன் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே திட்டலாம் என்று நினைக்கிறேன்.

"எறும்பை எதுக்குடா வளர்க்கணும்? சர்க்கரை டப்பாவைத் திறந்து வெச்சா தானா வருமே" என்று கேட்கும் என் வகுப்பு மக்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலையில் இறக்கை முளைத்த ராணி எறும்புகள் கூட்டைவிட்டுப் பறக்கும். (ஈசல் வேறு, அது கரையான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பறந்து முடித்து, இறக்கையை உதிர்த்துவிட்டுப் பொந்து தேடி அலையும் ஒரு ராணியைப் பிடித்து ஒரு சோதனைக் குழாயில் விடவேண்டும். குழாயின் பாதியில் தண்ணீர், நடுவில் பஞ்சு, வாயில் பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். கட்டெறும்பு ராணி முதல் வேலைக்காரிகள் வெளிவரும்வரை எதுவுமே சாப்பிடாது. இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கைத் தசையைக் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது. நம் அம்மாக்கள் சொல்லும் 'உங்களுக்காகத் தேய்ஞ்சு போனேன்' இங்கே நிஜம்.

கூட்டம் பெருகியதும் பெட்டி கட்டுவோம். அதில் இரண்டு பகுதி. ஒன்று, இருட்டான ஈரமான கூடு. மற்றொன்று, அவை வெளியே வந்து சாப்பாடு எடுத்துப் போகும் திறந்த இடம். அதை வாசல் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாசலில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. இணையத்தில் ஒரு வீடியோ பார்க்கிறோம். பாசி, பெரணி, குட்டி மணிபிளாண்ட், நடுவில் ஒரு கூழாங்கல் மலை. எறும்புகள் அமேசான் காட்டில் நடப்பதுபோல் நடக்கின்றன. நமக்கும் கை அரிக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு மழைநாளில் கிடைத்த கட்டெறும்பு ராணி. பதினான்கு மாதத்தில் அறுபது எழுபது வேலைக்காரிகள். ரோட்டோர நர்சரி ஒன்றில் ஒரு குட்டிச் செடி வாங்கினேன். "மருந்து ஏதும் அடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல தம்பி" என்றார். வேரைக் கழுவி வாசலில் நட்டேன். மூன்றாம் நாள் நாலைந்து எறும்புகள் கால் இழுத்து மல்லாந்து கிடந்தன. ஒன்பதாம் நாள் ராணி மட்டும் மிச்சம். பத்தாம் நாள் அதுவும் இல்லை. செடிதான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பத்து நாளில் பெட்டிக்குள் புதிதாகப் போனது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். இமிடாகுளோபிரிட் என்று ஒரு பூச்சிமருந்து. அதை இலைமேல் தெளிக்கவேண்டும் என்றுகூட இல்லை. மண்ணில் ஊற்றினால் வேர் உறிஞ்சி, தண்டு, இலை, பூந்தேன் வரைக்கும் கொண்டுபோய்விடும். அதாவது செடியே விஷமாகிவிடும், கழுவினால் போகாது. தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் வயல்வெளியில் இதற்குத் தடை போட்டது. நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கிறது. நர்சரிக்காரர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்லமாட்டேன். அவருக்கு முன்னால் அந்தச் செடியை வளர்த்தவர் என்ன ஊற்றினார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, மருந்தே படாத வீட்டுச் செடி என்றால்? அப்போதும் ஒத்துவராது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வெளிச்சம். செடிக்கு வெயில் வேண்டும், எறும்புக் கூட்டுக்கு இருட்டு வேண்டும். மூடிய கண்ணாடிப் பெட்டியை நம் ஊர் ஜன்னல் வெயிலில் வைத்தால் அது பெட்டி இல்லை, இட்லிக் குண்டான். மே மாதத்தில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. செடிக்காக வெயிலில் வைத்தால் எறும்பு வேகும், எறும்புக்காக நிழலில் வைத்தால் செடி அழுகும்.

இரண்டாவது, ஈரம். செடி இலை வழியாக நீராவி விட்டுக்கொண்டே இருக்கும். கடற்கரை ஊரான சென்னையில் ஏற்கெனவே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பெட்டியின் விளிம்பில் எறும்பு ஏறாமலிருக்க டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துத் தடவுவோம் இல்லையா, அது கண்ணாடி வேர்த்தால் பிசுபிசுத்துப் போகும். போதாததற்கு இலை வளர்ந்து மூடியைத் தொட்டால் அது ராஜபாட்டை. அப்புறம் காலையில் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடும் குரலை வைத்தே எத்தனை எறும்பு தப்பியது என்று கணக்கு எடுத்துவிடலாம் :-)

ஈரத்தோடு பூஞ்சையும் வரும். நிறைய எறும்பு வகைகளுக்கு உடம்பிலேயே கிருமியைக் கொல்லும் திரவம் சுரக்கும் ஒரு சுரப்பி உண்டு. கட்டெறும்புக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. வேறு வழிகளில் சமாளிக்கிறது, ஆனால் நாம் ஏன் வேண்டுமென்றே சோதிக்க வேண்டும்?

மூன்றாவது, மண். தொட்டி மண்ணுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. உலகம் முழுக்க எறும்புகள் ஊர்விட்டு ஊர் போகும் வழிகளில் ஒன்று தொட்டிச் செடி. இரண்டு கூட்டத்தை ஒரே பெட்டியில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தப்பி வெளியே போனால் அதைவிட மோசம். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பக்கத்து கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்குகிறது என்று விவசாயிகள் புலம்பியது செய்தியாக வந்ததே, நினைவிருக்கிறதா? மனிதர்களின் சரக்கோடு சரக்காக உலகம் சுற்றிய எறும்பு அது. (செடி வேண்டாம், பாசி மட்டும் கிண்டியில் சுரண்டி எடுத்துக்கொள்கிறேன் என்கிறவர்களுக்கு: அது தேசியப் பூங்கா. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது.)

இனி எதிர்க்கட்சி வாதங்கள். "எறும்பு இலை தின்னுமே!" தின்னாது. இலையை வெட்டிக்கொண்டு போகும் அந்தப் பிரபலமான எறும்பு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் தின்பதற்கு இல்லை, பூஞ்சை வளர்க்க. நம் கட்டெறும்புக்குச் செடியில் ஆசை என்றால் அது அசுவினி, மாவுப்பூச்சி இவற்றிடமிருந்து கிடைக்கும் தித்திப்புச் சாறுதான். அந்தப் பூச்சிகளை மாடு மேய்ப்பதுபோல் மேய்த்து, காவலும் காக்கும். அப்புறம் உங்கள் செடி எத்தனை நாள் தாங்கும்?

"இயற்கையான சூழல் வேண்டாமா?" வேண்டும். ஆனால் யாருடைய இயற்கை? 19-ஆம் நூற்றாண்டில் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேய வங்கிக்காரர், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கொஞ்சம் மண்ணை வைத்து, மேலே இருட்டு மூடி போட்டு எறும்பு வளர்த்தார். பெரணியும் இல்லை, பாசியும் இல்லை. அவரிடம் ஒரு ராணி ஏறக்குறைய 15 வருடம் வாழ்ந்தது. எறும்புக்கு வேண்டியது இருட்டு, ஈரம், சாப்பாடு, நிம்மதி. பச்சை நிறம் நம் கண்ணுக்கு வேண்டியது. இந்த உண்மையை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

"அப்போ முசுறு?" என்று ஒரு நண்பன் மடக்கினான். நல்ல கேள்வி. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துப் பந்துபோல் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்புக்கு உயிருள்ள இலை இல்லாமல் முடியாது. வேலைக்காரிகள் இலை ஓரங்களை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை விடும் பட்டு நூலால் தைக்கும். இலை காய்ந்தால் வேறு கூடு. ஒரே கூட்டம் பல மரங்களில் பரவியிருக்கும். இதை எந்தப் பெட்டிக்குள் அடைப்பீர்கள்? சீனாவில் ஆரஞ்சுத் தோட்டத்துப் பூச்சிகளை விரட்ட இதன் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்று கி.பி. 304-ல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு நூலிலேயே இருக்கிறது. அவர்களும் வாங்கிப்போய் மரத்தில்தான் விட்டார்கள், டப்பாவில் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான். கண்ணாடி வேண்டுமென்றால் செடியை எடுங்கள். செடி வேண்டுமென்றால் கண்ணாடியை எடுங்கள். பெட்டி வைத்திருப்பவர்கள் வாசலில் வெயிலில் நன்றாகக் காய்ந்த குச்சி, கழுவிய கல், மருந்து படாத வாதாம் மரத்துச் சருகு போடுங்கள். ஏற, ஒளிய, சுற்ற அது போதும். செடியும் எறும்பும் சேர்ந்து வாழ்வதைப் பார்க்க ஆசையா? மாடித் தொட்டிச் செம்பருத்தி முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். அசுவினி, அதைக் காவல் காக்கும் எறும்பு, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டு என்று முழு சினிமாவும் இலவசம்.

எங்கள் தெருவில் ஒரு மாமி தினமும் காலையில் அரிசி மாவில்தான் கோலம் போடுகிறார். சாக்பவுடர் கிடையாது. எட்டு மணிக்குள் கோலத்தில் பாதி எறும்பு வரிசையில் நடந்து போய்விடும். "எதுக்கு மாமி வேலை மெனக்கெட்டு?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுகளும் சாப்பிடட்டுமேடா" என்றார். பெட்டியும் இல்லை, பெரணியும் இல்லை. எறும்பு வளர்ப்பில் எனக்குத் தெரிந்த சீனியர் அவர்தான்.

பி.கு: என்னிடம் இப்போது இன்னொரு ராணி இருக்கிறது. குழாய், பஞ்சு, இருட்டு. பதினோரு வேலைக்காரிகள். செடி இல்லை.