சூளுரையான பாடல்

"கவிதை கஞ்சி ஊற்றுமா? கோட்டையைப் பிடிக்குமா?" என்று கேலி பேசுவோர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கு அங்கேரி நாட்டு வரலாற்றில் ஒரு நாளைக் காட்டுவோம்.

1848 ஆம் ஆண்டு, மார்ச் 15. பெஸ்ட் நகரம். ஆளவந்த ஆஸ்திரியரின் தலைநகராம் வியன்னாவிலேயே கிளர்ச்சி மூண்டுவிட்டது என்ற செய்தி எட்டியிருந்தது. பில்வாக்ஸ் காப்பிக் கடையில் கூடிய இளைஞர்கள் மழையையும் பொருட்படுத்தாது தெருவில் இறங்கினர். கையிலே இரண்டே எழுத்துக்கள். ஒன்று, பன்னிரண்டு கோரிக்கைகள். மற்றொன்று, இரு நாட்களுக்கு முன் சாண்டோர் பெட்டோபி எழுதிய 'தேசியப் பாடல்'. கவிஞருக்கு அகவை 25! அச்சகத்துள் புகுந்தனர், தணிக்கை அதிகாரியின் ஒப்பமின்றியே இரண்டையும் அச்சேற்றினர். அன்று முடிவதற்குள் ஆட்சி மன்றம் பணிந்தது. தணிக்கை ஒழிந்தது. பூடா சிறையிலிருந்த எழுத்தாளர் டான்சிச் வெளியே வந்தார்.

கோரிக்கைகள் கருத்தாழம் மிக்கவைதாம். எனினும் மக்கள் நாவில் தங்கியது பாடலே. காரணம் உண்டு, தோழர்களே! அப்பாடலின் ஒவ்வொரு பகுதியும் ஒரு சூளுரையில் முடிகிறது. கேட்டவன் அதைத் திருப்பிச் சொன்னான். சொன்ன அக்கணமே, கைதட்டிக் கலையும் உரிமையை அவன் இழந்தான். சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் ஆனான். 'நான்' என வந்தவன் 'நாம்' என நின்றான்.

மொழியும் துணை நின்றது. நெடுங்காலம் இலத்தீன் கோலோச்சிய நாடு அது. 1844 இல்தான் அங்கேரிய மொழி ஆட்சிமொழியாயிற்று. சத்திரமும் இறைச்சிக் கடையும் நடத்தியவரின் மைந்தர் பெட்டோபி, உழவர் பாடும் மெட்டிலே, உழவர் பேசும் சொல்லிலே எழுதினார். தலைவரைக் கதிரவன் என்றும் கடல் என்றும் அடுக்குவதே நாட்டுப்பாடல் என்று நம் மேடைகளில் எண்ணிக்கொண்டிருப்போர் அவரை ஒருமுறை படிப்பது நலம். அவர் பாட்டுடைத் தலைவன் கேட்போனே!

ஆனால், அந்த 'நாம்' யார்? குரோவாசியர், செர்பியர், ருமேனியர், சுலோவாக்கியர் எனப் பல இனத்தவரும் அந்த நாட்டில் வாழ்ந்தனர். அங்கேரியனை அழைத்த குரல் அவர்கள் செவியில் அழைப்பாக ஒலிக்கவில்லை. கவிஞரின் அன்னைக்கே தாய்மொழி சுலோவாக்கியம். அவர் பிறந்த குடிப்பெயர் பெட்ரோவிச்! விலக்கப்பட்டதாக உணர்ந்தோரை வியன்னா அரசு வளைத்துக்கொண்டது. 1848 செப்டம்பரில் குரோவாசியப் படை அங்கேரிக்குள் புகுந்தது. பிற இனத்தார்க்கு மொழியுரிமை வழங்கும் சட்டம் 1849 ஜூலை 28 இல் நிறைவேறியபோது, ரஷ்யப் படையும் நாட்டினுள் வந்துவிட்டிருந்தது. மூன்றே நாள் கழித்து, செகெஸ்வார் போர்க்களத்தில் பெட்டோபி மறைந்தார். உடலும் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் அங்கேரியப் படை சரணடைந்தது.

படை பணிந்தது, பாடல் பணியவில்லை. பின்வந்த ஆட்சிகள் பெட்டோபிக்குச் சிலை வைத்தன, மாலை சூட்டின. 1956 அக்டோபர் 23 இல், சோவியத் பிடியிலிருந்த அதே நகரில், மாணவர்கள் அச்சிலையடியில் திரண்டனர். நடிகர் இம்ரே சிங்கோவிச் 'தேசியப் பாடலை' முழங்கினார். நூற்றெட்டு ஆண்டுப் பழமையான சூளுரையைக் கூட்டம் புதிதாக எடுத்தது. அன்றிரவே வானொலி நிலையத்தின் முன் துப்பாக்கிகள் வெடித்தன.