சட்டம் காப்பாற்றிய ஆமை

அமெரிக்காவில் டெர்ரபின் என்றொரு உப்பங்கழி ஆமை. ஓட்டில் வைரக் கட்டம் போட்ட டிசைன். மாசசூசெட்ஸ் முதல் டெக்ஸஸ் வரை கடலோரச் சதுப்பில் வாசம். நத்தை, நண்டு ஆகாரம்.

சுற்றிலும் உப்புத் தண்ணி. தாகமெடுத்தால்? மழை பெய்ததும் நல்ல தண்ணி மேலாக மெல்லிசா மிதக்குமில்லையா, அதை மட்டும் உறிஞ்சிக்கும். உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றிவிடும். வரவு செலவு டேலி! பி.காம். படித்தவனே அசந்துபோகும் கணக்கு.

‘வீட்டுல வளர்க்கலாமா சார்?’ அங்கே வளர்க்கிறார்கள். வெறும் குழாய்த் தண்ணியில் விட்டால் தோலும் ஓடும் புண்ணாகும். அளவாகக் கடல் உப்பு கலக்கணும். வெயில் காய மேடை வேணும். 25 வருஷத்துக்கு மேலேயும் வாழும். ஹவுஸிங் லோனையே மிஞ்சும் கமிட்மென்ட்!

நூறு வருஷம் முன்பு ஷெர்ரி ஒயின் விட்ட டெர்ரபின் சூப் அங்கே பணக்கார அந்தஸ்து. பிடித்துப் பிடித்து ஆமையே அரிதாகிவிட்டது. 1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. ஒயின் இல்லாத சூப் யாருக்கு வேணும்? மவுசு குறைந்தது, ஆமை பிழைத்தது. மதுவிலக்கால் உருப்பட்டவர்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்குங்க.

இன்றைய எமன், தண்ணிக்குள் வைக்கும் நண்டுக்கூண்டு. இரைக்கு ஆசைப்பட்டு உள்ளே போகும் ஆமை, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகிறது. கூண்டு வாயில் சின்னதாக ஒரு கம்பிச் சட்டம் மாட்டினால் நண்டு நுழையும். பெரிய ஆமை நுழையாது.

அன்றைக்குக் காப்பாற்றியது சர்க்கார் சட்டம். இன்றைக்குக் கம்பிச் சட்டமே போதும். மாட்டத்தான் கை வேணும்!