களவெட்டியில் உறங்கிய நாகம்

சென்ற வாரம் சாகாமத்திலுள்ள என் இல்லத்திற்கு ஓர் அன்னையார் தம் மகனுடன் வந்தார்.

"பாருங்க சேர், கணக்குக் கொப்பியில பாம்பு கீறி வெச்சிருக்கான்! நீங்கதான் கண்டிக்கணும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். டோல்கீன் 1937இல் வெளியிட்ட 'ஹொபிட்' என்னும் மாயக் கதையில், சிறகுடைய நாகமொன்று பொற்குவியலின்மீது உறங்கும். பையன் வரைந்த நாகமோ நம்மூர்க் களவெட்டியில், நெற்குவியலின்மீது உறங்கிற்று! அருகே காவற்பரணில் ஒரு குறுமனிதன் நடுங்கிக்கொண்டிருந்தான். அந்நூலுக்கு ஆசிரியர் தாமே சித்திரங்களும் தீட்டியிருக்கிறார். இப்பிள்ளை அவற்றைப் பின்பற்றவில்லை. கதையையே தன் ஊருக்கு அழைத்து வந்துவிட்டான்.

என் இளமை நினைவுக்கு வந்தது. 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா'வின் பழைய இதழ்களில், 2020இல் மறைந்த ஓவியர் சங்கர் தீட்டிய விக்கிரமாதித்தனை எத்தனை முறை பார்த்து வரைந்திருப்பேன்! கையில் வாள், தோளில் பிணம். மன்னனின் கால் மட்டும் எனக்குச் சரியாக அமையவேயில்லை. ஒருநாள் நெல்மூட்டையைத் தோளிலேற்றி நடந்து பார்த்தேன். பாரம் எங்கே இறங்குகிறதென்று கால் சொல்லிற்று. அம்மன்னன் சலியாது திரும்பத் திரும்பச் சுமந்தது எத்தகைய சுமை என்பதும் அன்றுதான் விளங்கிற்று. படிப்பவன் கதையை அறிகிறான். படித்ததை வரைபவன் அதனுள் வாழ்கிறான் அன்றோ?

அந்தக் கொப்பியைப் பெரியவர் ஒருவர் அடுப்பிலிட்டார். அதன்பின் நான் ஓர் உருவமும் வரைந்ததில்லை.

கணக்கைத் தவறவிட்டமைக்குப் பையனைக் கண்டித்தேன். பின்னர் அன்னையாரிடம், "இதனைக் கிழிக்க வேண்டாம், அம்மா. தனியாக ஒரு சித்திரக் கொப்பி வாங்கிக் கொடுங்கள்" என்றேன்.

"நாகம் விழித்தால் நெல் என்னவாகும், தம்பி?" என்று வினவினேன்.

"அதைத்தான் அடுத்ததாக் கீறப்போறன், சேர்!" என்றான். அன்னையாரும் சிரித்துவிட்டார்.